மாதம்மாவும் முந்நூற்று ஒன்பதாம் பிரிவும்

கண்ணு,

நீ சென்னைக்குப் பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் சில நாள்தான் இருக்கிறது. உன் அப்பா புதுப் பெட்டியின் சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று ஹாலுக்கும் வாசலுக்குமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நீதிபதித் தேர்வில் தேறியதிலிருந்து சால்வையும் பழத்தட்டுமாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அதுவுமில்லாமல், இத்தனை வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் அடுத்தவர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதியே பழகிய கை இது. என் மனசில் இருப்பதும் எழுத்தில்தான் கோவையாக வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உன்னிடம் கேட்டேன், "பழைய சட்டத்தைப் படிச்சுட்டு, புதுச் சட்டத்தையும் படிச்சு எழுதினியே, ரெண்டுக்கும் அப்படி என்னப்பா வித்தியாசம்?" என்று. நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாய், "முக்கால்வாசி பழசுதாம்மா. நம்பர்தான் மாறியிருக்கு." நீ சொன்னது தப்பில்லை. நானும் ஸ்டேஷனில் அதைத்தான் பார்த்தேன். ஆனால் மீதிக் கால்வாசியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் உனக்கு போன் வந்துவிட்டது. அந்தக் கால்வாசியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் நீ நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்று தோன்றியது.

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்த அந்த ஜூலை மாதம் உனக்கு நினைவிருக்கும். நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். எங்களைத் தருமபுரிக்கு அழைத்து ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து வகுப்பெடுத்தார்கள். கொலைக்கு முந்நூற்று இரண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஏட்டுகள், நூற்று மூன்று என்று சொல்லிப் பழகினார்கள். ஊரை ஏமாற்றுகிறவனை ஃபோர்ட்வென்டி என்று திட்டுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. "இனிமே அவனை முந்நூத்திப் பதினெட்டுன்னு திட்டணும்மா" என்று எங்கள் எஸ்.ஐ. சிரித்தார். புதுச் சட்டத்துக்கு வைத்த சன்ஹிதா என்கிற வடமொழிப் பெயர் பாதிப் பேர் வாயில் நுழையவில்லை. அந்தப் பெயரை எதிர்த்தும், வேறு சிலவற்றை எதிர்த்தும் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். முதல் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவு, பின்னால் நடந்ததற்குப் புதிய பிரிவு. நீ நாற்காலியில் உட்காரும்போதும் உன் மேசையில் இரண்டு புத்தகமும் இருக்கும். அந்த வகுப்பில் எல்லோரும் எந்த நம்பர் எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு நம்பரைத் தேடினேன். முந்நூற்று ஒன்பது. அட்டவணையில் அதற்கு நேரே புதிய எண் எதுவும் இல்லை. எடுத்துவிட்டார்கள் என்று வகுப்பெடுத்தவர் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களைக் குற்றவாளி என்று சொல்லும் பிரிவு அது.

உனக்கு அப்போது மூன்று வயது. நான் சாதாரண கான்ஸ்டபிள். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது. பெயர் மாதம்மா. சொந்தமாகக் கொஞ்சம் கொல்லை நிலம், ஒரு கிணறு, புருஷன், ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தை அந்தக் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோயிற்று. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மாதம்மா அதே கிணற்றில் குதித்துவிட்டாள். பக்கத்துக் கொல்லையில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் பார்த்து மேலே தூக்கினார். உயிர் தங்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தகவல் வந்தால் வாக்குமூலம் வாங்க வேண்டும். வாக்குமூலம் வாங்கினால் வழக்குப் பதிய வேண்டும். வழக்குப் பதிந்தால் அவள் குற்றம் சாட்டப்பட்டவள். அதனால் பெண்கள் வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு என்னைப் போட்டார்கள். எழுந்து உட்காரவே முடியாத ஒருத்தி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அவள் பேசவே மாட்டாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒருநாள் தலையைத் திருப்பாமலேயே கேட்டாள், "போலீஸக்கா, உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா?"

நான் இல்லை என்று சொன்னேன். உன்னை அன்று காலையில்தான் காய்ச்சலோடு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு முன்னால் எனக்கு வேறு சொல் வரவில்லை. "ஆண்டவன் தருவாரு, வுடுங்க" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவள் நடக்க ஆரம்பித்த பிறகு கோர்ட். இடது காலை இழுத்து இழுத்து நடந்து, பஸ் ஏறி வருவாள். வாய்தா என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி வருவாள். கூண்டில் நிற்கும்போது, குழந்தை செத்ததையும் கிணற்றையும் கோர்ட் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் சத்தமாகப் படிப்பார். சுற்றிலும் சாராய வழக்கு, சீட்டாட்ட வழக்குக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், கோர்ட் கலைகிற வரைக்கும் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே இருந்த எல்லோரும் சொன்னார்கள். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

ஒருநாள் மாஜிஸ்திரேட் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உங்கள் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

மாதம்மா அவரை நேராகப் பார்த்தாள். "எந்தக் குத்தமுங்கய்யா? புள்ளையக் கவனிக்காம வுட்ட குத்தமா, பொழைச்ச குத்தமா?"

மாஜிஸ்திரேட் பேனாவை மேசையில் வைத்தார். அவர் இளைஞர், கிட்டத்தட்ட இப்போது உனக்கு இருக்கும் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வேறு வழக்குகளைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்கு மேல் மறுபடி அழைத்து, நிற்க வேண்டாம் என்று நாற்காலி போடச் சொன்னார். ஆனால் கேள்வி அதேதான். அவருக்கும் அந்தப் புத்தகத்தில் வேறு கேள்வி இல்லை. அவள் களைத்துப்போய், "ஒத்துக்கறேனுங்க" என்றாள். கோர்ட் கலையும்வரை காவல். சாயங்காலம் நான்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சில வருஷம் கழித்து அவள் ஊரில் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாதம்மா மனுப் போட்டாள். அந்த ஊரில் எந்தத் தாய்க்கும் அவளிடம் பிள்ளையை விட்டுப்போகத் தயக்கம் இல்லை. எழுதிக்கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார்கள். நடத்தை விசாரிப்புக்காகத் தாள் ஸ்டேஷனுக்கு வந்தது. குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர் என்று உள்ளதை எழுதி அனுப்பினார்கள். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. நான் அவளைப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் பார்த்தபோது அவள் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணும் நல்லவதாங்க. புள்ளைங்களுக்கு முட்டையெல்லாம் ஒழுங்காத் தரா" என்றாள். நீ அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். அவள் உன் உயரத்தைப் பார்த்து, உன் வயசைக் கணக்குப் போட்டு, என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு இல்லைன்னீங்களே ஏட்டம்மா" என்றாள். ஆமாம் என்றேன். அவள் உன் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் வந்து எனக்குச் சொன்னாய். இந்தப் பிரிவை நமக்கு எழுதிக்கொடுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்கள் தங்கள் நாட்டில் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றிலேயே எடுத்துவிட்டார்கள். இலங்கை எடுத்துவிட்டது. நம்மைப் போலவே அவர்களிடமிருந்து சட்டம் வாங்கிய சிங்கப்பூரும் எடுக்கப்போகிறது என்றாய். நம் நாட்டிலும் சட்ட ஆணையம் எடுத்துவிடச் சொல்லி எப்போதோ எழுதியதாம். ஒரு தடவை மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் எடுப்பதற்குள் அந்த அவையே கலைந்துபோயிற்றாம். உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றதாம். இரண்டே வருஷத்தில் செல்லும் என்றதாம். நீ தோசையைப் பிய்த்தபடி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாய். நீ பேசப் பேச, மாதம்மா கூண்டில் நின்ற நாளை நான் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். எழுதியவன் வீட்டில் எப்போதோ தூக்கிப்போட்ட பிரிவில் நம் ஊர்க்காரி நின்றிருக்கிறாள். ஒரு நாடு ஒரு சட்டத்தைத் திருத்த எடுத்துக்கொள்ளும் காலம் டெல்லியில் கோப்பாக இருக்கும். கீழே அது ஒரு ஆளின் ஆயுளில் பாதி.

அதே காலத்தில் மனநலச் சட்டம் என்று ஒன்று வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றது. பழைய பிரிவை மட்டும் எடுக்கவில்லை. அது புத்தகத்தில் அப்படியே இருந்தது. புத்தகத்தில் இருக்கிறவரை ஸ்டேஷனில் கை தானாக அதை எழுதும்.

அந்தச் சமயத்தில்தான் மாதம்மாவின் ஊரில் கோகிலா என்று ஒரு நர்சிங் மாணவி எதையோ குடித்துவிட்டாள். வீட்டில் இருந்தவர்கள் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயந்தார்கள். போலீஸ் கேஸாகிவிடும், பெண்ணின் படிப்பும் கல்யாணமும் போய்விடும், பக்கத்தில் யாராவது வைத்தியரிடம் காட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பயந்ததற்கு உதாரணமே மாதம்மாதான். சத்தம் கேட்டு அவளே அங்கே வந்தாள்.

"கேஸ் வந்தா வருது" என்றாளாம். "கோர்ட்டுக்கு நான் கூட வரேன், எனக்கு அந்த வழி தெரியும். சுடுகாட்டுக்கு மட்டும் என்னால கூட வர முடியாது." பக்கத்து வீட்டுப் பால் வண்டியை மறித்து, பெண்ணைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு ஏறிவிட்டாள்.

கோகிலா பிழைத்தாள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். தகவல் ஸ்டேஷனுக்கு வந்தபோது நான் வழக்குகளை எழுதும் ரைட்டராக இருந்தேன். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர், "வழக்கம்போல ஒரு முந்நூத்தி ஒம்போது போட்டுடுங்கம்மா" என்றார். நான் மனநலச் சட்டத்தின் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். உன் புத்தகத்திலிருந்து நகல் எடுத்ததுதான். அவர் படித்தார். "கேஸ் போடலைன்னா, நாளைக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா நம்மளத்தானே கேப்பாங்க?" என்றார். "கேஸ் போட்டா ஆகாதுன்னு யாரு சார் சொன்னது?" என்றேன். மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசினதில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம், விசாரித்ததையும் மனநல மருத்துவருக்குப் பரிந்துரைத்ததையும் மட்டும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கோகிலா இப்போது ஓசூரில் நர்ஸ்.

புதுச் சட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பழைய பிரிவில் ஒரு துண்டை வைத்திருக்கிறார்கள். அரசு ஊழியரை மிரட்டுவதற்காகவோ அவர் வேலையைத் தடுப்பதற்காகவோ சாக முயன்றால் குற்றம். சிறை, அபராதம், இல்லையென்றால் சமுதாய சேவை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளன்று பந்தோபஸ்து பார்த்தவள் நான். பட்டாவுக்கு வருஷக்கணக்காக நடந்துவிட்டு மண்ணெண்ணெய் கேனோடு வருகிறவரை, தண்ணீர் வாளியோடு ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறேன். அவர் மிரட்ட வந்தாரா, வேறு வழி தெரியாமல் வந்தாரா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. உன் முன்னால் அப்படி ஒருவர் நிற்பார். எனக்கு வாளியைத் தூக்கவே நேரம் சரியாக இருக்கும். உனக்குக் கேட்க நேரம் இருக்கிறது. பட்டா ஏன் வரவில்லை என்று அவரைக் கேள். குற்றச்சாட்டை அவருக்குப் புரிகிற தமிழில் சொல். காலில் அடிபட்டவர்களை நிற்க வைக்காதே. ஒத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொண்டால் பின்னால் என்னென்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு எழுது.

வகுப்பு முடிந்த அந்த வாரம் நான் மாதம்மாவைப் பார்க்கப் போனேன். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கால் சரியில்லாததால் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை. வேப்பமரத்தடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் இறந்து நாளாயிற்று. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"உம்மேல போட்ட சட்டத்தை எடுத்துட்டாங்க மாதம்மா" என்றேன். "இனிமே அது குத்தமில்ல."

அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள். "அப்ப எம்மேல இருக்கறதும் போயிடுச்சுங்களா?"

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. பழைய சட்டத்தில் கொடுத்த தண்டனை புதுச் சட்டம் வந்ததால் அழிந்துபோகாது என்று விளக்கினேன். "குத்தம் புஸ்தகத்துல இல்ல. எம்பேருல மட்டும் இருக்குது" என்றாள். குரலில் வருத்தமோ கிண்டலோ இல்லை. கணக்குச் சரியா என்று பார்ப்பதுபோல் சொன்னாள். கண்ணு, இதற்குப் பதில் உங்கள் பயிற்சியில் யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுது.

அப்புறம் அவள் வேறொன்று கேட்டாள். "இனிமே யாரையாச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகிட்டுப் போனா போலீஸ் வருமா?"

"வரும். எதனால ஆச்சுன்னு கேக்க வரும். யாராச்சும் கொடுமை பண்ணாங்களான்னு பாக்க வரும். சாகப்போன ஆள் மேல கேஸ் போட வராது."

"இது இங்க யாருக்கும் தெரியாதுங்களே" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். குடத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கரையின் சரிவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள் மாதம்மா. "நான் கிணத்துல குதிச்சேன், கோர்ட்டுக்குப் போனேன். உங்க எல்லாருக்கும் தெரியும். இனிமே அந்த மாதிரி கேஸ் கிடையாதாம், ஏட்டம்மாவே சொல்றாங்க. வூட்டுல யாராச்சும் அப்படி ஏதாச்சும் பண்ணிகிட்டா மறைக்காதீங்க. பண்ணிக்குவாங்கன்னு தோணுனாலே கூட்டிகிட்டுப் போங்க."

ஒருத்தி என்னைப் பார்த்து, "மெய்யாலுமேவாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி மண்வெட்டிச் சத்தம் ஆரம்பித்தது. நாங்கள் மரத்தடிக்குத் திரும்பியபோது ஒரு பெண் கூடையோடு பின்னாலேயே வந்தாள். மண்ணைக் கொட்ட வந்தவள் போல நின்று, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எம்மவன் காலேஜை வுட்டுட்டு வந்து வூட்டுலயே கிடக்கறானுங்க. சோறு திங்கறதில்ல. நான் இருந்து என்ன ஆவப்போவுதுங்கறான். கொல்லையில வெச்சிருந்த பூச்சி மருந்தையெல்லாம் எடுத்துகிட்டுப் போயி அண்ணன் வூட்டுல வெச்சிருக்கறேன். டாக்டருகிட்ட காட்டுனா கேஸு எழுதிப் போட்டுருவாங்களோன்னு பயந்துகிட்டு இருந்தேன். காட்டலாமுங்களா?"

"எப்ப வேணும்னாலும் காட்டலாம்" என்றேன்.

"எப்ப வேணும்னாலும்னா என்ன ஏட்டம்மா, இப்பப் போலாம்" என்றாள் மாதம்மா. அவள் மேற்பார்வைக்காரரிடம் போய் என்ன சொன்னாளோ, திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பையன் கதவைத் திறக்க நேரமாயிற்று. நான் சீருடையில் இல்லை, நல்லவேளை. அவனிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. மாதம்மா சட்டையை எடுத்துக் கொடுத்து, "வா சாமி, தருமபுரிக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். அவன் என்ன நினைத்தானோ, போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம், அவள் பக்கத்தில். வழியெல்லாம் அவள் தன் கிணற்றைப் பற்றியும் தன் பெண்ணைப் பற்றியும் அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் அந்தக் குழந்தையின் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். மனநலப் பிரிவின் வாசலிலேயே அவன் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே கூப்பிட்டபோது மாதம்மாதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

இப்போது அவன் காரிமங்கலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான். மாத்திரை சாப்பிடுகிறான். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் இல்லை. இல்லாத நாளில் அவன் அம்மா மாதம்மாவைக் கூப்பிடுகிறாள், மாதம்மா போகிறாள்.

நீ போய் வா, கண்ணு. முதல் விடுமுறைக்கு வரும்போது உன்னை அவளிடம் அழைத்துப்போகிறேன். அன்று இல்லை என்று நான் சொன்ன பிள்ளை இதுதான் என்று, இந்தத் தடவை நானே அவளிடம் சொல்கிறேன்.

உன் அம்மா